அல்சூரில் ஆறு நாள்: கோல்கீப்பரின் அம்மா எழுதுவது

டிசம்பர் 26, வெள்ளி

பெங்களூரில் ரயிலை விட்டு இறங்கியதும் எங்கள் பிள்ளைகள் செய்த முதல் வேலை, வாயைக் குவித்து ஊதிப் பார்த்ததுதான். புகை வந்தது. பன்னிரண்டு பேரும் பிளாட்பாரத்தில் வரிசையாக நின்று ஊதினார்கள். "ஏல, எனக்கும் வருதுல!" என்று ஏழாம் நம்பர் போட்ட சத்தத்தில் தூங்கிக்கொண்டிருந்த போர்ட்டர் ஒருவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். மார்கழியிலும் ஃபேன் ஓடாமல் தூங்காத தூத்துக்குடிப் பிள்ளைகள். அவர்களுக்கு இது புது உலகம்.

எனக்குக் கவலை வேறு. என் மகன் அணியின் கோல்கீப்பர், வயது 12. குளிர் பட்டால் அவனுக்கு மூச்சு இரைக்கும். "பெத்தவங்கள்ல ஒருத்தர் கூட வந்தா நல்லாருக்கும்க்கா" என்று கோச் தம்பி கேட்டபோது நான் கையைத் தூக்கியது அதற்காகத்தான். பந்தாட்டம் பார்க்க அல்ல. கிறிஸ்துமஸ் தையல் எல்லாவற்றையும் 24-ஆம் தேதி இரவுக்குள் கொடுத்து முடித்து, மெஷினுக்கு உறை போட்டுவிட்டு, இன்ஹேலரையும் ஊசி நூல் டப்பாவையும் பையில் எடுத்து வைத்துக்கொண்டு கிளம்பினேன்.

கால்பந்துப் போட்டி, 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. தங்குவதற்கு அல்சூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு வகுப்பறை தந்திருந்தார்கள். பெஞ்சுகளைச் சுவரோடு தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரித்தோம். கரும்பலகையில் பாதி அழிந்த கன்னட எழுத்துகள். குழாய்த் தண்ணீரில் கை வைத்தால் எலும்பு வரை குத்துகிறது.

நின்றுகொண்டே சாப்பிடும் ஓட்டல் ஒன்றில் காலைச் சாப்பாடு. இரண்டு இட்லி ஒரு வடை 60 ரூபாய். சாம்பாரை வாயில் வைத்ததும் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள். இனிப்பு. வெல்லம் போடுவார்கள் இங்கே. நம்ம ஊர் புளிப்புக்குப் பழகிய நாக்கு கொஞ்சம் முரண்டு பிடிக்கிறது. ஆனால் ஒரே தட்டில் காரா பாத் என்கிற உப்புமாவும் கேசரி பாத்தும் வைத்துத் தருகிறார்களே, சௌ சௌ பாத், அதற்கு எல்லாரும் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றார்கள். கோச் தம்பியும் நானும் பை டூ காபி. ஒரு காபியை இரண்டு டம்ளரில் பிரித்துக் கொடுப்பதை இங்கே யாரும் கஞ்சத்தனமாக நினைப்பதில்லை. கேட்கிறவரும் கூச்சப்படுவதில்லை. எனக்கு அது பிடித்துப்போனது.

சாயங்காலம் பள்ளிக்கு எதிர்வீட்டுப் பாட்டி வந்து எட்டிப் பார்த்தார். "இன்னாமா இது, பசங்க இப்டி நடுங்குதுங்க?" என்றவர், அரை மணி நேரத்தில் பேரனை விட்டு இரண்டு பெரிய குண்டான் வெந்நீர் அனுப்பி வைத்தார். பூர்வீகம் வேலூர்ப் பக்கமாம். மாமனாரின் அப்பா காலத்திலேயே இங்கே வந்துவிட்டார்களாம்.

டிசம்பர் 27, சனி

இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

எட்டு மணிக்கு முதல் ஆட்டம். தனியார் டர்ஃப் மைதானம். பச்சைப் பிளாஸ்டிக் புல், அதற்குள் கறுப்பாக ரப்பர்ப் பொடி. பிள்ளைகள் அதைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார்கள். எங்கள் பயிற்சியெல்லாம் கடற்கரை மணலிலும் செம்மண் தரையிலும்தான். கேட்டில் நின்ற ஏற்பாட்டாளர் ஒருவர் குனிந்து பிள்ளைகளின் காலைப் பார்த்தார். "இந்த பூட்ஸோடு உள்ளே விடமாட்டோம்."

எங்களுடையது மண் தரைக்கானது, அடியில் முள் மாதிரி நீள ஸ்டட் வைத்தது. அது பிளாஸ்டிக் புல்லைக் கிழித்துவிடும், பிள்ளைகளின் முட்டியும் திருகிக்கொள்ளும் என்றார். டர்ஃப் ஷூ வேண்டும். அடியில் குட்டிக் குட்டியாய் ரப்பர்க் குமிழ் வைத்தது. காரணம் நியாயமானதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அனுப்பிய விதிமுறைத் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. பிறந்த தேதிச் சான்றிதழ், ஆதார், போட்டோ எல்லாம் கேட்டிருந்தார்கள். ஷூவைப் பற்றி மட்டும் மூச்சில்லை. ஒரு ஜோடி ஆயிரம் ரூபாய் என்று வைத்தாலும் பன்னிரண்டு ஜோடிக்கு நாங்கள் எங்கே போவோம்? இந்தப் பயணத்துக்கே மீன் ஏலக் கூடத்தில் உண்டியல் குலுக்கியிருக்கிறோம்.

கோச் தம்பி முகம் வெளுத்துப் போனார். எங்களுக்கு அடுத்து ஆட வேண்டிய உள்ளூர் அணியின் கோச் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்துக் கௌதமபுரத்துக்காரர், நல்ல தமிழ். எங்களிடம் எதுவும் கேட்கவில்லை. போனை எடுத்து, "டேய், வீட்ல இருக்கிற டர்ஃப் ஷூ எல்லாத்தையும் எடுத்துனு வாங்கடா, சைஸ் நாலுலேர்ந்து ஏழு வரைக்கும்" என்றார். அவ்வளவுதான். இருபது நிமிடத்தில் இரண்டு பையன்கள் சைக்கிளில் ஒரு சிமெண்டு மூட்டைப் பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கொட்டினால் பதினாறு ஜோடி! சிலதில் சேறு காய்ந்திருந்தது, சிலதில் சாக்ஸும் உள்ளேயே இருந்தது.

"சாக்காக்கா?" என்றான் ஒருவன். நான் சாக்குப் பையைத்தான் கேட்கிறானாக்கும் என்று அதை மடித்து நீட்டினேன். அவன் சிரிக்காமல் பொறுமையாக விளக்கினான்: கன்னடத்தில் சாக்கு என்றால் போதும். போதுமா என்று கேட்டிருக்கிறான். இவர்கள் பேச்சில் இரண்டு மொழியும் பிரிக்க முடியாமல் பின்னிக் கிடக்கிறது.

என் மகனுக்கு ஐந்தாம் நம்பர் நீல ஷூ பொருந்தியது. அதைக் கொடுத்தவனும் ஒரு கோல்கீப்பர்தான். "கொஞ்சம் டைட்டாக் கட்டு மச்சி, குதிக்கும்போது கழண்டுக்கும்" என்று அவனே உட்கார்ந்து நாடாவை இழுத்துக் கட்டிவிட்டான். இத்தனைக்கும் அவனுடைய அணியும் நாங்களும் ஒரே பிரிவு. திங்கட்கிழமை அவர்களோடுதான் எங்களுக்கு ஆட்டம்.

ஆட்டத்தில் தோற்றோம், 0-4. மணலில் பந்து நின்று நிதானமாக வரும். இங்கே வழுக்கிக்கொண்டு பறக்கிறது. இரண்டு கோல் என் மகனின் கைக்கடியில் போனது. இடைவேளையில் அவனுக்கு மூச்சு இரைத்தது, இன்ஹேலர் கொடுத்தேன். "வெளிய வந்துரு மக்கா" என்றேன். அவன் பதில் பேசாமல் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

ராத்திரி துவைத்துக் காயப்போடும்போது பார்த்தால், நான்கு பனியன்களில் நம்பர் உரிந்து தொங்குகிறது. உட்கார்ந்து தைத்தேன். பிள்ளைகள் தூங்கவில்லை. தோல்வி ஆறவில்லை. கோச் தம்பி விளக்கை அணைத்துவிட்டு யோரிங் என்ற ஊரைப் பற்றிச் சொன்னார். டென்மார்க்கின் வடக்கு ஓரத்தில் ஏறத்தாழ 25,000 பேர் மட்டும் வாழும் ஊர். அங்கே 1982-லிருந்து ஆண்டுதோறும் கோடையில் டானா கோப்பை என்று சிறுவர் போட்டி. உலகத்தின் பல மூலைகளிலிருந்து பிள்ளைகள் வந்து, இதே மாதிரி பள்ளி வகுப்பறைகளில் தரையில் படுத்துக்கொள்வார்களாம். 2025-ல் பஞ்சாபின் மினர்வா அகாதமிப் பையன்கள் அங்கேயும் ஜெயித்து, ஸ்வீடனின் கோத்தியா கோப்பையையும் நார்வே கோப்பையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்தார்கள். "அவனுவளும் தரையிலதான் படுத்தானுவளா சார்?" என்று இருட்டில் ஒரு குரல். ஆமாம் என்றதும் வகுப்பறை அமைதியானது.

டிசம்பர் 28, ஞாயிறு

காலையில் 2-1 என்று ஜெயித்தோம். ஏழாம் நம்பர் இரண்டு கோல். விரிவாக எழுத நேரமில்லை, பூசைக்குப் போக வேண்டும்.

சிவாஜிநகர் புனித மரியாள் பேராலயத்துக்குப் பிள்ளைகளைப் பிறகு கூட்டிப் போகலாம் என்று நான் மட்டும் பஸ் ஏறினேன். நம்ம ஊர்ப் பழக்கத்தில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று நினைத்து உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் ஆதார் கேட்டார். தூத்துக்குடி முகவரியைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். இங்கே இலவசம் கர்நாடகத்துப் பெண்களுக்கு மட்டும். எனக்கு முகம் சுருங்கிவிட்டது, பர்ஸைத் துழாவினேன். ஐந்நூறு ரூபாய்த் தாள்தான் இருந்தது, அவரிடம் சில்லறை இல்லை. பின் சீட்டிலிருந்த அம்மா கன்னடத்தில் ஏதோ சொல்லி எனக்காகப் பணத்தை நீட்டினார். இறங்கும்போது திருப்பித் தரலாம் என்று ஜிபே நம்பர் கேட்டேன். "பர்வாகில்லமா" என்று கையசைத்துவிட்டார். அவர் பெயர் கூடத் தெரியாது.

கோயிலில் மாதாவுக்குச் சேலை கட்டியிருக்கிறார்கள். கேள்விப்பட்டிருந்தேன், இன்றுதான் பார்த்தேன். நான் தையல்காரி, என் கண் கொசுவத்துக்குத்தான் போகும். யார் கட்டியதோ, மடிப்பு ஒன்று கூடப் பிசகவில்லை. 1973-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட கோயில். தமிழ்ப் பூசைக்கு நிற்க இடமில்லாத கூட்டம். எங்கள் பனிமய மாதாவை நினைத்துக்கொண்டு, மகனின் மூச்சுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அணிக்காக ஏற்றவில்லை. இதை எழுதும்போது அது உறுத்துகிறது.

ராத்திரி எதிர்வீட்டுப் பாட்டி ஒரு அடுக்கு நிறையப் பிதுக்கம்பருப்புக் குழம்பு கொடுத்து அனுப்பினார். இந்த ஊரில் இது அவரைக்காய் காலம். தெருவெல்லாம் குவித்து வைத்து விற்கிறார்கள், கிலோ 80 ரூபாய். பனியில் விளைந்ததற்குத்தான் மணமாம். உரித்து, ஊறவைத்து, ஒவ்வொரு கொட்டையாகப் பிதுக்கித் தோல் எடுத்துச் சமைக்க வேண்டும். பதினான்கு பேருக்கு எத்தனை ஆயிரம் கொட்டை பிதுக்கியிருப்பார்? "நானும் மருமகளும் டிவி பாத்துனே பிதுக்கினோம்மா, அது ஒரு வேலையா" என்றார். சோற்றில் குழைத்து ஊற்றிச் சாப்பிட்டோம். பச்சை வாசனையும் தேங்காய்ப் பாலும், லேசாகக் கசகசாவும். இனிப்பே இல்லை. பிள்ளைகள் அடுக்கை வழித்தெடுத்துவிட்டார்கள்.

டிசம்பர் 29, திங்கள்

மதியம்தான் ஆட்டம். காலையில் உள்ளூர்க் கோச் எங்களைக் கௌதமபுரத்துக்குள் கூட்டிப் போனார்.

குறுகலான சந்துகள், ஒட்டி ஒட்டி வீடுகள், வாசலில் கோலம், கொடியில் மஞ்சள் பனியன்கள். நடுவில் அம்பேத்கர், புத்தர், அன்னை தெரசா சிலைகள். அவர்களோடு பீலே. ஆமாம், பிரேசிலின் பீலே. பீலேயைப் பெரியவர்களோடு சமமாக நிறுத்தி வைத்திருக்கும் ஒரு தமிழ்த் தெருவை நான் கனவிலும் நினைத்ததில்லை. கணினி நகரம் என்றுதான் பெங்களூரைப் பற்றிக் கேட்டிருந்தேன். கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவில் இப்படி ஒரு சிற்றூர் இருக்கிறது என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பீலே 2022-இல் இதே டிசம்பர் 29 அன்று இறந்தார். ஒரு பெரியவர் வாளித் தண்ணீரோடு வந்து சிலையைக் கழுவி, சாமந்தி மாலை போட்டார். அரசாங்கத் தொழிற்சாலை ஒன்றின் அணியில் ஆடி ஓய்வு பெற்றவராம். பிள்ளைகளைப் படியில் உட்கார வைத்துப் பேச ஆரம்பித்தார். நானும் உட்கார்ந்தேன்.

1809-இல் வெள்ளைக்காரர்கள் இங்கே கன்டோன்மென்ட், அதாவது பட்டாளக் குடியிருப்பு, அமைத்தார்கள். பட்டாளத்து வேலைக்கும் கட்டட வேலைக்கும் வட ஆற்காட்டிலிருந்து நம் ஆட்கள் வந்தார்கள். அல்சூர் ஏரிப் பக்கம் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸ் படை வீரர்களுக்கு இன்றைக்கும் 'தம்பி' என்றுதான் பெயர். சோல்ஜர்கள் பூட்ஸ் போட்டு ஆடியதை வேலியோரம் நின்று பார்த்த பிள்ளைகள் வெறுங்காலோடு ஆடத் தொடங்கினார்கள். ரோவர்ஸ் கோப்பை என்று பம்பாயில் பெரிய போட்டி, பட்டாள அணிகளின் கோட்டை. 1937-இல் அதை உடைத்துக் கோப்பையைக் கொண்டுவந்தது பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி. மறு வருடமும் அவர்களே.

"1948 லண்டன் ஒலிம்பிக்ஸ்" என்று பெரியவர் சொன்னபோது குரலே மாறியது. சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கால்பந்து ஆட்டம், எதிரே பிரான்ஸ். நம்மவர்களில் பெரும்பாலானவர்கள் வெறுங்கால். 1-2 என்று தோற்றோம். இரண்டு பெனால்டி வீணானது. அந்த ஒரே கோலை, ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா அடித்த முதல் கோலை, அடித்தவர் சாரங்கபாணி ராமன். பெங்களூர்க்காரர். "அன்னிக்கு கோல்ல நின்னவரு யாரு தெரியுமா? வரதராஜ். அவரும் இந்த ஊருதான்" என்று என் மகனைப் பார்த்தார். என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

ஆஸ்டின் டவுனில் பிறந்து இந்திய அணிக்குக் கேப்டனான கார்ல்டன் சாப்மனைப் பற்றியும் சொன்னார். 2020-இல் 49 வயதிலேயே போய்விட்டாரே என்று அவர் சொல்லும்போது பேச்சு தடுமாறியது. கர்நாடகம் 1968-69-க்குப் பிறகு, மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையை வெல்ல 2023 வரை காத்திருந்தது, அதையும் ரியாத்தில் போய் வென்றது. எல்லாம் அவருக்கு விரல்நுனியில்.

எனக்கு ஒரு கேள்வி இருந்தது, கேட்டுவிட்டேன். "ஐயா, பந்து ஆடினா பிள்ளைங்களுக்குச் சோறு கிடைக்குமா?"

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "எங்க காலத்துல கெடச்சுதும்மா. நல்லா ஆடுனா ஐடிஐ, எச்ஏஎல் மாதிரி ஃபேக்டரில கூப்ட்டு வேல குடுப்பாங்க. எனக்கு வீடு, பிள்ள கல்யாணம், எல்லாம் பந்து குடுத்தது. இப்ப அந்தக் கம்பெனி டீம் பலது இல்ல. பொய் சொல்ல மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "படிக்க வையி. ஆடவும் விடு. ரெண்டுல ஒண்ண நிறுத்தாத" என்றார். நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். தூத்துக்குடியிலிருந்து கிளம்பும்போது, இந்தப் போட்டி முடிந்ததும் ஆட்டத்தை நிறுத்திவிட வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

மதியம் கௌதமபுரத்துப் பிள்ளைகளோடு ஆட்டம், அவர்கள் கொடுத்த ஷூவைப் போட்டுக்கொண்டு. 1-1. ஒரு பெனால்டியை என் மகன் இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டான். எதிர் கோலில் நின்ற நீல ஷூக்காரன் முதல் ஆளாகக் கை தட்டினான். அவன் காலில் தம்பியின் பழைய ஷூ, கட்டைவிரல் வெளியே தெரிந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு ஆட்டத்தில் கண் நிலைக்கவில்லை.

நாங்களும் அவர்களும் நாலு புள்ளி. முதல் நாள் வாங்கிய நாலு கோலால் நாங்கள் வெளியே, அவர்கள் உள்ளே.

டிசம்பர் 30, செவ்வாய்

ரயில் நாளைக்குத்தான். காலையில் நீல ஷூக்காரன் வந்து, "ஆன்ட்டி, எங்க கிரவுண்டுக்கு வாங்க, சும்மா ஒரு மேட்ச்" என்றான். அவர்கள் நேற்று இரவே காலிறுதி ஆடித் தோற்றிருந்தார்கள்.

செம்மண் மைதானம். ஓரத்தில் நாய்கள், ஒரு தள்ளுவண்டி. ஷூ வேண்டாம், எல்லாரும் வெறுங்கால் என்று முடிவானது. இரண்டு ஊர்ப் பிள்ளைகளையும் கலந்து பிரித்தார்கள். அந்த மண்ணில் எங்கள் பிள்ளைகள் ஓடியதைப் பார்க்க வேண்டும்! மூன்று நாளாகத் தயங்கித் தயங்கி வைத்த கால்கள் தரையைப் பிடித்துக்கொண்டன. ஏழாம் நம்பர் மூன்று பேரைச் சுற்றிவிட்டுப் போனபோது பெரியவர் எழுந்தே நின்றுவிட்டார். யார் எத்தனை கோல் என்று யாரும் எண்ணவில்லை. இரண்டு மணி நேரம். என் மகன் இன்ஹேலர் கேட்கவே இல்லை.

மதியம் பாட்டி வீட்டு மொட்டைமாடியில் எல்லாருக்கும் தக்காளிச் சோறு. அவர்கள் அணியின் பனியன்களிலும் நம்பர் உரிந்து கிடப்பதைப் பார்த்து, ஏழெட்டை வாங்கி ஓரம் மடித்துத் தைத்துக் கொடுத்தேன். பத்தாம் நம்பருக்கு அங்கே பெரிய அடிதடி. ஜூனில் உலகக் கோப்பை வரும்போது சந்து முழுவதும் மறுபடி பிரேசிலின் மஞ்சளும் பச்சையும் அடிப்பார்களாம்.

டிசம்பர் 31, புதன்

ஐந்து மணிக்கே கிளம்ப வேண்டியிருந்தது. இருட்டு, பனி, கரண்டும் இல்லை. டார்ச் வெளிச்சத்தில் ஷூக்களைத் துடைத்து அதே சிமெண்டுப் பையில் போட்டுப் பாட்டி வீட்டுத் திண்ணையில் வைத்தோம். பாட்டி எழுந்து வந்து பிள்ளைகள் ஒவ்வொருவரின் தலையிலும் கை வைத்தார். ஸ்டேஷனுக்கு ஆட்டோக்காரர் ஒருவர் 400 கேட்டார். அடுத்தவர் மீட்டர் போட்டு, மீட்டருக்கு மேல் ஒரு ரூபாய் கூட வாங்காமல் விட்டார். பகல் முழுக்க ரயில். பிள்ளைகள் தூங்கிக்கொண்டே வந்தார்கள்.

ஜனவரி 1, வியாழன்

புத்தாண்டுப் பூசை முடிந்து வந்து மூட்டை பிரித்தேன். மகனின் பைக்கு அடியில், ஈரத் துண்டுக்குள் சுருண்டு கிடக்கிறது, ஐந்தாம் நம்பர் நீல ஷூ. இடது கால் மட்டும். இருட்டில் ஒன்று அந்தப் பையிலும் ஒன்று இந்தப் பையிலும் போயிருக்கிறது.

கோச் தம்பியை அழைத்து நம்பர் வாங்கிப் பேசினேன். "பரவால்ல ஆன்ட்டி, ஸ்கூல் தொறக்க நாள் இருக்கு" என்றான் அந்தப் பையன். நாளைக்குக் கூரியர் ஆபீஸ் திறந்ததும் அனுப்ப வேண்டும். ஷூவைத் துவைத்து வெயிலில் வைத்திருக்கிறேன். அதோடு அரைக் கிலோ மக்ரூன், நொறுங்காமல் இருக்கப் பஞ்சு சுற்றி. அவன் கட்டைவிரல் வெளியே தெரிந்ததே, அந்தப் பழைய ஷூ என்ன நம்பர் என்று கேட்க மறந்துவிட்டேன். இரவுக்குள் இன்னொரு தடவை அழைத்துக் கேட்க வேண்டும்.